காலுக்குக் கரண்டு வைத்த காலம்

என் வீட்டுக்காரர் புதுக்கடை சந்திப்பில் தையல் கடை வைத்திருந்தார். ஒரு மிஷின், ஒரு வெட்டுமேசை, வெயிலுக்கு வாசலில் தொங்கவிட்ட பழைய துணி ஒன்று, அவ்வளவுதான் கடை. சட்டை, ஜம்பர், சபைப் பாட்டுக்குழுவுக்கு வெள்ளை அங்கி, மாப்பிள்ளைக் கோட்டு என்று எதைக் கொடுத்தாலும் தைப்பார். கால் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும். கால் நின்றால் வாயும் நின்றுவிடும். சந்தைக்கு வந்து போகிறவர்கள் தைக்கத் துணி இல்லாவிட்டாலும் வாசலில் நின்று அவர் பேச்சைக் கேட்டுவிட்டுப் போவார்கள். கடைக்குப் பின்னால் இரண்டு அறைதான் எங்கள் வீடு. காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் என் வேலை. மிஷினில் உட்கார மட்டும் அவர் என்னை விட்டதில்லை. பெண்கள் மிஷினைத் தொட்டால் ஊசி ஒடியும் என்பார். அவர் கையில் ஒடிந்த ஊசிகளைப் பற்றி நான் பேசுவதில்லை.

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். அவருக்கு நாற்பது நிறையவில்லை. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் பாயில் படுத்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, நான் எழும்பியாச்சு. எடது காலு இன்னும் எழும்பல்ல. நீ வந்து அத விளிச்சுப் பாரு" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். அவரும் சிரித்தார். சிரித்தபோது வாய் ஒரு பக்கமாக மட்டும் போனது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. இடது கையைத் தூக்கச் சொன்னேன். பாதி தூக்கினார், தானாகக் கீழே விழுந்தது. காலை அசைக்கச் சொன்னேன். அது யாருடைய காலோ என்பதுபோலக் கிடந்தது.

பக்கத்துக் கடைக்காரர்கள் ஒரு வாடகைக் காரைப் பிடித்துவந்து நாலு பேராகத் தூக்கி ஏற்றினார்கள். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் இரண்டு பெண் பிள்ளைகளையும் அருமனைக்கு, என் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் ஒரு பானையும் இரண்டு பாயுமாக ஆஸ்பத்திரியில் குடியேறினேன். அந்த நாளில் நோயாளிக்குக் கூட இருக்கிறவர்கள்தான் கஞ்சி வைத்துக் கொடுக்க வேண்டும். அதற்கென்று ஆஸ்பத்திரி வளாகத்தின் பின்புறம் ஓலைக் கொட்டகை ஒன்று உண்டு. அங்கே அடுப்பு மூட்டும் பெண்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கதை இருந்தது. என் கதைதான் பெரியது என்று நினைத்துப் போனவள், இரண்டு நாளில் அந்த நினைப்பை விட்டேன்.

எங்களைப் பார்த்தது ஒரு டாக்டரம்மா. கோட்டயம் பக்கத்துக்காரி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள். ரத்தக் கொதிப்பு கூடி, தலைக்குள்ளே சின்ன ரத்தக் குழாய் ஒன்று அடைத்துப் போயிருக்கிறது என்று சொன்னாள். உயிருக்குப் பயமில்லை. ஆனால் இனி உப்பு குறைக்க வேண்டும், கருவாடு கூடவே கூடாது. பக்கவாதம் என்று கேட்டபோது கலங்காத மனுஷன், கருவாடு கூடாது என்றதும் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சில நாட்களிலேயே வாய் நேராகிவிட்டது. மாதம் முடிவதற்குள் கையும் ஏறக்குறையப் பழையபடி வந்தது. துணியைப் பிடித்து இழுக்கிற அளவுக்குப் பிடி இறுகியதும், படுக்கை விரிப்பின் ஓரத் தையலைத் திருப்பிப் பார்த்து, "இத அடிச்சவன் யாருடே" என்று குறை சொல்ல ஆரம்பித்தார். தொடையிலும் முட்டியிலும் பெலன் வந்தது. பிடித்துக்கொண்டால் நிற்பார். கணுக்காலுக்குக் கீழேதான் வரவில்லை. காலைத் தூக்கினால் பாதம் முன்பக்கமாகத் தொங்கும். நடக்கப் பார்த்தால் பெருவிரல் தரையில் தட்டி, ஆள் முன்னால் சாய்வார்.

டாக்டரம்மா ஒரு நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விவரமாகச் சொன்னாள். காலில் உள்ள நரம்பும் சதையும் கெட்டுப்போகவில்லை, தலையிலிருந்து காலுக்குப் போக வேண்டிய கட்டளைதான் வழியில் தடைபட்டு நிற்கிறது என்றாள்.

இவர் தன் காலைத் தட்டிப் பார்த்தார். "அப்போ மிஷினுக்குக் கேடு ஒண்ணும் இல்ல. பெல்ட்டுதான் நழுவிக் கெடக்கு" என்றார்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. தையல் மிஷினில் கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம், இரண்டையும் கட்டுகிற தோல் பெல்ட்டு, பெல்ட்டு நழுவினால் கீழே எவ்வளவு மிதித்தாலும் மேலே ஊசி அசையாது என்று, கையால் காட்டிக் காட்டி இவர் சொல்லிக்கொடுத்தார். அவளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அதன்பிறகு தினமும் காலையில் வரும்போது, "பெல்ட்டு எந்தாயி, என்ன ஆச்சு?" என்றுதான் கேட்பாள்.

பெல்ட்டைத் திரும்பப் போடுவதற்கு ஒரு வழி இருக்கிறது என்று அவள் சொன்ன நாளில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. காலுக்குக் கரண்டு வைத்துப் பார்க்கலாம் என்றாள்.

அப்போது புதுக்கடையில் எங்கள் பக்கத்து வீடுகளுக்குக் கரண்டு வந்திருக்கவில்லை. கரண்டைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நாகர்கோவிலில் லைன் கம்பியில் உட்கார்ந்த காக்கா கருகி விழுந்ததை இவர் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து சொன்னது மட்டும்தான். அந்தக் காக்காயை இவர் மறக்கவில்லை. கூடாது என்று சொல்லிவிட்டார். நான் கெஞ்சினேன். காக்கா செத்த சாமானைத் தன் காலில் வைக்கிற அளவுக்குத் தான் எனக்குப் பாரமாகிவிட்டாரா என்று கேட்டார். 

டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. தன் அறைக்கு வந்து கரண்டுப் பெட்டியைப் பார்க்க மட்டும் செய்யலாம் என்று சொன்னாள். இவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். மேசைமேல் ஒரு மரப்பெட்டி இருந்தது. பித்தளைக் கொக்கியைத் திறந்தால் உள்ளே செம்புக் கம்பி சுற்றிய உருளை ஒன்று, பெரிய பேட்டரிகள், அழுத்துகிற சுவிட்சு ஒன்று, இரண்டு நீளமான வயர்கள். வயர் நுனியில் தகட்டுக்கு மேல் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். அந்தத் துணியை உப்புத் தண்ணீரில் நனைத்து உடம்பில் வைக்க வேண்டும். இது லைன் கரண்டு இல்லை, பேட்டரிக் கரண்டு, மெதுவாகத்தான் வரும், பேடிக்கண்டாம், பயப்படாதீங்க என்று டாக்டரம்மா சொன்னாள்.

"அப்படின்னா மொதல்ல இவளுக்கு வச்சுக் காட்டுங்கோ" என்று இவர் என்னைக் கைகாட்டினார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் கையை நீட்டினேன். மனசுக்குள் என் பிள்ளைகள் இரண்டு பேரையும் கர்த்தரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

முழங்கைக்குக் கீழே நனைந்த துணியைச் சில்லென்று வைத்தாள். பெட்டிக்குள்ளே வண்டு இரைவதுபோல ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் எறும்பு ஊர்கிறதுபோல இருந்தது. பிறகு உருளையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். என் விரல்கள், நான் ஒன்றும் செய்யாமலே, ஒவ்வொன்றாக மடங்கி உள்ளங்கைக்குள் போயின. அவள் சுவிட்சை விட்டாள், விரல்கள் விரிந்தன. அழுத்தினாள், மறுபடி மடங்கின. அது வலி இல்லை. என் கை எனக்குத் தெரியாமல் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறது என்பதுபோல ஒரு கூச்சம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. அந்த அறையில் அப்படிச் சிரிக்கலாமா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். டாக்டரம்மாவும் சிரித்தாள்.

இவர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டியை முட்டிக்கு மேலே இழுத்துவிட்டு, தன் இடது காலை நீட்டி வைக்க என்னிடம் சொன்னார்.

முட்டிக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் கீழே ஒரு சின்ன எலும்பு முடிச்சு உண்டு. அதற்குப் பின்னால் ஒரு துணி, முன்காலில் ஒரு துணி. வண்டு இரைந்தது. சுவிட்சை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. உருளையை நகர்த்தினாள். பெருவிரல் துடித்தது. இன்னும் கொஞ்சம். அவ்வளவு நாளாகத் தொங்கிக் கிடந்த பாதம் ஒரே வெட்டாக மேலே எழும்பி, நிமிர்ந்து நின்றது. விட்டதும் தொப்பென்று விழுந்தது.

 இவர் குரல் இறங்கிப்போய், "நான் தூக்குனேனா, அது தூக்கிச்சா?" என்று கேட்டார்.

"இப்போ அது தூக்கி. இனி அது தூக்கும்போ நிங்களும் கூடத் தூக்கணும். மனசு வச்சுத் தூக்கணும். அது மட்டும் தூக்கினா அது கரண்டோட காலு. நிங்க கூடத் தூக்கினாத்தான் நிங்க காலு" என்றாள் டாக்டரம்மா.

அதன்பிறகு ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அதுதான் வேலை. வண்டு இரையும்போது இவர் பல்லைக் கடித்துக்கொண்டு காலை முறைத்துப் பார்ப்பார். நெற்றியில் வேர்வை துளிர்க்கும். கரண்டு தூக்கியதா இவர் தூக்கினாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரியாமலே செய்துகொண்டிருந்தோம்.

ஆஸ்பத்திரியில் எங்களை வெகுநாள் வைத்திருக்க முடியவில்லை, கட்டிலுக்குக் காத்திருக்கிறவர்கள் அதிகம். லைன் கரண்டில் ஓடுகிற புதிய பெட்டி ஒன்று வந்திருந்தபடியால், பழைய பேட்டரிப் பெட்டியைக் கொஞ்ச காலத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று டாக்டரம்மா சொன்னாள். ஆனால் சுவிட்சு என் கையில்தான் இருக்க வேண்டும், நோயாளி தொடக்கூடாது. எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கவே கூடாது, தோலில் புண் இருந்தால் என்ன செய்ய வேண்டும், உருளையை எவ்வளவு மெதுவாக நகர்த்த வேண்டும் என்றெல்லாம் என்னைச் சொல்ல வைத்துக் கேட்டாள். துணி வைக்கிற இரண்டு இடத்திலும் புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தால் வட்டம் போட்டுவிட்டாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக இந்த மனுஷன் என் சொல் கேட்டதில்லை. இனிமேல் காலையும் மாலையும் கேட்டாக வேண்டும் என்று நினைத்தபோது, அந்தப் பெட்டி மடியில் பாரமாகவே தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே ஆசான் வந்தார். எங்கள் தெருவில் வர்மமும் தடவலும் தெரிந்தவர் அவர். என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயசிலிருந்தே சிநேகிதர். காலைப் பிடித்துப் பார்த்து, எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து, தொடையிலிருந்து பாதம்வரை நன்றாக உருவிவிட்டுப் போனார். இவருக்குச் சுகமாக இருந்தது. மாலையில் பெட்டியைத் திறந்து பார்த்தால், ஊதா வட்டம் இரண்டும் எண்ணெயோடு போய்விட்டன.

காலில் வழுவழுப்பு போகத் துடைத்துவிட்டு, நினைவிலிருந்த இடத்தில் துணியை வைத்து சுவிட்சை அழுத்தினேன். பாதம் மேலே எழும்புவதற்குப் பதிலாக வெளிப்பக்கமாகத் திரும்பியது. சற்று நகர்த்தினேன். விரல் மட்டும் ஆடியது. இன்னும் நகர்த்தினேன். ஒன்றுமே இல்லை. இப்படியே முட்டியைச் சுற்றித் துழாவித் தேடிக்கொண்டிருந்தேன்.

"நீ என்ன, குளத்துல மீனு தப்புதியா?" என்றார்.

"அனங்காம இருங்க. கெடைக்கும்" என்றேன்.

கிடைத்தது. பாதம் நிமிர்ந்ததும் நான் கையை எடுக்காமலே, சுவரில் தொங்கிய தையல் சாக்கட்டியை எட்டி எடுத்து அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். மறுநாள் ஆசானிடம், முதலில் கரண்டு, பிறகு எண்ணெய், அது முடிந்ததும் வட்டம் புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லிவைத்தேன். ஆசான் மறுப்புச் சொல்லவில்லை. அவருக்குக் கரண்டுப் பெட்டியைப் பார்க்க ஆசை. பெரிய மனுஷன் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, நான் பெட்டியைத் திறக்கிற நேரமாகப் பார்த்து வருவார். ஒரு நாள் நானே கேட்டுவிட்டேன், கையில் வைத்துப் பார்க்கிறீர்களா என்று. உடனே சட்டைக் கையைச் சுருட்டினார். விரல்கள் மடங்கியதும் அவர் முகம் பச்சைப் பிள்ளையின் முகம்போல ஆகிவிட்டது. விரிக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார், மற்றக் கையில் வைக்கச் சொன்னார். இவருக்குப் பொறுக்கவில்லை. பேட்டரி தீர்ந்துபோகும், தன் காலுக்கு வேண்டும் என்று சத்தம் போட்டார்.

செய்தி சந்தைவரைக்கும் போயிற்று. தையல்காரன் கால் பெட்டியைத் திறந்தால் ஆடுகிறதாம் என்று ஆட்கள் வந்து எட்டிப்பார்த்தார்கள். இவருக்கு முதலில் வெட்கமாக இருந்தது. இரண்டாம் நாளே அது போய்விட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, பெல்ட்டு நழுவிய கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டு, "இனி பாருங்க" என்று என்னைப் பார்ப்பார். நான் சுவிட்சை அழுத்துவேன்.

ஆனால் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் நின்றபிறகு ஒரு மோசமான காலம் வந்தது. பெட்டி இருந்தால் பாதம் எழும்புகிறது, பெட்டியை மூடினால் பழையபடி தொங்குகிறது. அதில் மாற்றமே இல்லை. கிறிஸ்மஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. நோய்க்கு முன்னால் தைக்கக் கொடுத்த துணிகள் கட்டுக் கட்டாக வெட்டுமேசைமேல் இருந்தன. அவர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்துவிட்டார் என்று தெரிந்து, சிலர் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். ஒரு காலையில் இவர் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார். துணியை எல்லாம் அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார்.

"இனி நான் தையக்காரன் இல்ல. ஊருக்கு ஆட்டங் காட்டுத காலுதான் மிச்சம்" என்றார்.

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.  கடைக்குள் போனேன். துணிக்கட்டைக் கையில் எடுத்தேன். திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. அவர் ஏற்கெனவே வெட்டிவைத்திருந்த ஒரு சட்டையை எடுத்து மிஷினில் வைத்தேன். அவர் மிதிப்பதைத்தான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேனே என்ற தைரியம். சக்கரம் முன்னும் பின்னுமாகச் சுற்றியது. நூல் சிக்கியது, அறுந்தது. எப்படியோ ஒரு காலரை முடித்தேன். அதை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கத்து முனை ஆட்டுக் காதுபோல மடிந்திருந்தது. திருப்பிப் பார்த்தார். தையலை விரலால் தடவினார். அவர் முகம் போன போக்கு எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. மனுஷனுக்கு உடம்பு முடியாமல் போகலாம், இந்தத் தையலைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்க முடியும்? "இத ஒரு மனுஷன் கழுத்துல போடவா?" என்று கேட்டார். பிறகு தன்னைப் பிடித்து மிஷினில் உட்கார வைக்கச் சொன்னார்.

உட்கார்ந்தார். வலது கால் மிதித்தது, இடது கால் பலகைமேல் சும்மா இருந்தது. சக்கரம் பாதி சுற்றி நின்றது. கால் மிஷினில் விரலால் ஒரு அழுத்து, குதிகாலால் ஒரு அழுத்து வேண்டும். குதிகால் அழுந்த வேண்டுமென்றால் விரல்பக்கம் மேலே எழும்ப வேண்டும். அவர் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்தப் பெட்டிய இங்ஙன கொண்டு வா" என்றார். "மொதல்ல பெல்ட்டக் கழத்து."

பெல்ட்டைக் கழற்றியதால் மேலே ஊசி ஓடாது, கீழே சக்கரம் மட்டும் சுற்றும். நான் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, துணியைக் காலில் கட்டி, சுவிட்சில் கை வைத்தேன். வலது காலைப் பலகைக்கு வெளியே தரையில் வைத்துக்கொண்டு இடது காலால் மட்டும் மிதிப்பதாக அவர் ஏற்பாடு. குதிகால் அழுத்த வேண்டிய நேரத்தில் நான் சுவிட்சை அழுத்த வேண்டும். முதல் நாள் முழுவதும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. நான் சீக்கிரம் அழுத்துவேன், சக்கரம் பின்னால் ஓடும். அவர் என்னைத் திட்டுவார். நான் தாமதமாக அழுத்துவேன், சக்கரம் நிற்கும். அதற்கும் திட்டுவார். திட்டுகிற அளவுக்கு ஆள் தேறிவிட்டதே என்று நான் வாங்கிக்கொண்டேன். பிறகு, "தூக்கு, விடு, தூக்கு, விடு" என்று நான் சத்தமாகச் சொல்லவும் தாளம் பிடிபட்டது. பக்கத்துப் பலசரக்குக் கடையில் இருந்தவர்கள், நாங்கள் எதைத் தூக்கி எதை விடுகிறோம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தினமும் அதையே செய்தோம். கால் ஓட ஆரம்பித்ததும் அவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. எந்த ஊரில் யார் என்ன சட்டை போட்டார்கள், எந்த மாப்பிள்ளைக்கு எந்தத் தோள் இறக்கம் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். ஒரு முற்பகலில் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, சபையில் பாட்டுப் பாடுகிற அம்மா ஒருத்தி வாசலில் வந்து நின்று, அங்கி எப்போது கிடைக்கும் என்று என்னிடம் கேட்டாள். நான் திரும்பி உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். பேட்டரிப் பெட்டி தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. சுவிட்சை அழுத்தினால்தான் அது காலுக்குப் போகும், சத்தம் மட்டும் எப்போதும் கேட்கும். அவள் போனபிறகு திரும்பிப் பார்த்தேன். என் கை சுவிட்சில் இல்லை. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். வலது கால் பலகைக்கு வெளியே தரையில்தான் இருந்தது. இடது பாதம் விரலால் அழுத்தியது, பிறகு விரல்பக்கம் ஒரு நெல்லளவு எழும்பிக் குதிகால் அழுந்தியது. மெதுவாக, ஆடி ஆடி. ஆனால் அழுந்தியது. அவர் எதையும் கவனிக்காமல், ஒரு கோட்டுத் துணியைத் தப்பாக வெட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.  சொல்லவா வேண்டாமா என்று தெரியவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"கேட்டியளா. கரண்டு இல்ல" என்றேன்.

"எப்பத்தில இருந்து?"

"அந்த அம்மா வந்ததுல இருந்து."

அவர் காலைப் பார்த்தார். பார்த்ததும் அது நின்றுவிட்டது. மறுபடி மிதிக்கப் பார்த்தார், வரவில்லை. பல்லைக் கடித்தார், வரவில்லை. பார்க்காதீங்க, அந்தக் கோட்டுக் கதையைச் சொல்லுங்க என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கதையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். கதையில் அந்த மாப்பிள்ளை கோட்டைப் போட்டுப் பார்க்கிற இடம் வந்தபோது சக்கரம் அசைந்தது. நான் தரையில் உட்கார்ந்தபடியே அழுதேன். அவர் கதையை நிறுத்தவில்லை.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். களைத்தால் பாதம் தொங்கும். குளிர் நேரத்தில் இறுகும். சில நாள் பெட்டி இல்லாமல் ஒன்றும் நடக்காது, சில நாள் பெட்டியை நான் சும்மா பக்கத்தில் வைத்திருந்தாலே போதும். கொஞ்ச நாளில் பெல்ட்டை மாட்டினோம். இரண்டு காலும் சேர்ந்து மிதித்து அவர் முதலில் முடித்தது, நான் கெடுத்த அந்தச் சட்டைதான். என் காலரைப் பிரித்து எறிந்துவிட்டுப் புதிதாக வெட்டித் தைத்தார். பாட்டுக்குழுவின் அங்கிகளில் பாதியை அவர் தைத்தார். நேரான ஓரங்களை எல்லாம் நான் மிஷினில் அடித்தேன், அவர் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். ஊசி ஒடியும் என்ற பேச்சு அதன்பிறகு வந்ததில்லை.

நடக்கும்போது விரல் தட்டாமல் இருக்க என் அப்பா ஒரு உபாயம் செய்தார். அவர் அருமனையில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுக்காரர்களுக்குக் கங்காணி. பழைய சைக்கிள் டியூபில் நீளமாக ஒரு பட்டை வெட்டிக் கொண்டுவந்தார். செருப்பின் விரல்பக்கத்தில் ஒரு முனையைத் தைத்து, மறுமுனையை முட்டிக்குக் கீழே கட்டிய துணிப்பட்டையில் மாட்டினோம். கால் தூக்கும்போது ரப்பர் பாதத்தை மேலே இழுத்துப் பிடித்தது. அந்தத் துணிப்பட்டையைக்கூட இவர் சும்மா தைக்கவில்லை. இரட்டைத் தையல் போட்டு, பக்கிள்ஸ் வைத்து, கோட்டுத் துணியிலேயே தைத்தார். அதைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கம்புமாகக் கிறிஸ்மஸ் காலையில் கோயிலுக்கு நடந்தார். அருமனையிலிருந்து வந்திருந்த பிள்ளைகள் இரண்டும் இரண்டு பக்கமும் நடந்தன. பிள்ளைகளின் கவுன் மட்டும் அந்த வருஷம் என் தையல். ஒருத்தியின் கை ஒன்று நீளம்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்க நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கோடை ஆகியிருந்தது. டாக்டரம்மா அவரை அறைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கச் சொன்னாள். பிறகு ரப்பர் பட்டையைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னாள். பாதம் லேசாக இழுத்தது, விழவில்லை. அவள் மிகவும் சந்தோஷப்பட்டாள். எல்லாம் இந்தப் பெட்டி செய்த காரியம்தானே என்று நான் கேட்டேன்.  சிலருக்கு நாள் போகப்போகத் தானாகவும் கொஞ்சம் திரும்பிவரும், பெட்டி இல்லாவிட்டால் எவ்வளவு வந்திருக்கும் என்று தனக்குச் சொல்லத் தெரியாது என்றாள். இதே பெட்டியை வைத்தும் அசையாத கால்களைத் தான் பார்த்திருக்கிறாள் என்றும் சொன்னாள். அவள் அப்படி உள்ளதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

இவருக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. ஆசானிடம் எல்லாம் எண்ணெயின் குணம் என்பார். போதகரிடம் ஜெபம் என்பார். டாக்டரம்மாவிடம் அன்றைக்குக் கரண்டு என்றார். எனக்கு என்ன பங்கு என்று வெளியே வந்ததும் கேட்டேன். நான் தைத்த காலரைத் தன் எதிரிக்கும் காட்டக் கூடாது என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு.

ஊருக்குப் போகிற பஸ் வந்தபோது நல்ல கூட்டம். நான் முன்வாசலில் ஏறிவிட்டேன். இவர் பின்வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நல்ல காலை மேலே வைத்தார். மற்றக் காலைத் தூக்கச் சற்றுத் தாமதமாயிற்று. கண்டக்டருக்கு இவர் யார், என்ன நடந்தது என்பதெல்லாம் தெரியாது.

"ஓய், படியில நின்னு காத்து வாங்காம சட்டுனு உள்ள கேறும்" என்று சத்தம் போட்டுவிட்டு, விசிலும் ஊதிவிட்டார்.

பஸ் நகர்ந்தது. நான் பதறிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். இவர் காலை எடுத்து உள்ளே வைத்து, ஆட்களைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்து சேர்ந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. நோய் வந்த நாளிலிருந்து எல்லோரும் அவரைக் கண்ணாடிச் சாமானைப்போலப் பிடித்துத்தான் ஏற்றினார்கள், இறக்கினார்கள். ஊர் பேர் தெரியாத ஒருவன் மற்ற எல்லோரையும் விரட்டுவதுபோலத் தன்னையும் விரட்டியிருக்கிறான்.

"பாத்தியா ஏட்டி, அவன் என்னைய விரட்டுனத?" என்றார்.

பார்த்தேன் என்றேன். உட்கார இடம் கிடைத்ததும் பக்கத்திலிருந்தவரிடமும் அதைச் சொல்ல ஆரம்பித்தார். அந்த மனுஷன் கேட்டுக்கொண்டாரா என்னவோ. நான் விடியுமுன்னே எழுந்து சோறு கட்டிவிட்டு வந்தவள், ஜன்னல் ஓரத்தில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.